கடைமடைக்காக நான் ஆற்றிய உரை

திருகோணமலைக்கு என்னைத் தண்ணீரைப் பற்றிப் பேசத்தான் அழைத்திருந்தார்கள். சென்னையில் நான் பார்க்கும் வேலை அது. ஓர் ஆற்றில் வருகிற தண்ணீரில் குடிக்க எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, மின்சாரத்துக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்துத் திட்டம் எழுதுவேன். இலங்கையில் நாடு முழுவதற்கும் அப்படி ஒரு நீண்டகாலத் திட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. கிழக்குக் கரையில் மக்களைச் சந்திக்கும்போது தமிழ் பேசுகிற நிபுணர் ஒருவர் கூட இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிபுணர் என்ற சொல் காதில் விழுந்ததுமே நான் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

போனேன், பேசினேன். நான் பேசியதால் ஒரு பெண்ணின் வயலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர் போகாமல் போனது. ஊர் திரும்பிய பிறகு பிட்டையும் கடற்கரையையும் பற்றி எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இதை மட்டும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நாள் காலை நிலாவெளியில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலில் கொண்டுபோய் இறக்கினார்கள். பிட்டும் தேங்காய்ப்பால் சொதியும் பொரித்த சூடை மீனும் சம்பலும் வந்தன. எங்கள் ஊரில் புட்டு என்றால் சர்க்கரையும் தேங்காய்ப் பூவும் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பண்டம். இங்கே அதை மீனோடு சாப்பிடச் சொன்னதும் ஒரு நிமிஷம் தயங்கினேன். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பிறகு தயக்கம் இல்லை. பரிமாறியவர் சொதிச் சட்டியோடு பக்கத்திலேயே நின்றார்.

“மிஸ், இன்னும் கொஞ்சம் விடட்டோ?”

“போதும்ங்க.”

“போதுமெண்டுதான் எல்லாரும் சொல்லுறவை,” என்று சொல்லிக்கொண்டே விட்டார்.

வயிற்றைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையை இரண்டு வரிசை ஆட்கள் கரையிலிருந்து கயிறு பிடித்து இழுக்கிறார்கள். ஒருவர் மட்டும் இழுக்கிறவர்களுக்கெல்லாம் ஊர் விஷயம் சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் நின்ற பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இவன்ர கை கயித்தில, வேலையெல்லாம் வாயில,” என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் அதே ஹோட்டல் மண்டபத்தில் பட்டறை. குளிரூட்டிய அறை, ஆளுக்கொரு போத்தல் தண்ணீர், சுவரில் மகாவலி ஆற்றின் பெரிய வரைபடம். மலையில் பிறந்து, அணைகளில் சுழலிகளைச் சுழற்றி மின்சாரம் கொடுத்து, கீழே இறங்கி வறண்ட சமவெளிகளின் வயல்களை நனைத்து, மிச்சம் மீதியோடு வந்து சேருகிற இடம் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடா. வரைபடத்தில் மலைப்பக்கத்து அம்புகள் கட்டை விரல் தடிமனில் இருந்தன. கடலோரத்து அம்பு பென்சில் கோடு.

என்னை அழைத்தவர் சிவநேசன். திருகோணமலைக்காரர், நீர்ப்பாசனப் பொறியியலாளர். என் வயதுதான் இருக்கும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிங்களத்தில் நடந்த பேச்சுகளை எனக்குக் காதோடு மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளையில் மின்சாரப் பக்கத்து அதிகாரி ஒருவரும் பாசனப் பக்கத்து அதிகாரி ஒருவரும் உரசிக்கொண்டார்கள்.

“நீங்கள் மாலையில் ஊருக்கு விளக்கு எரியத் தண்ணீர் திறக்கிறீர்கள். அது என் வாய்க்காலுக்கு வந்து சேரும்போது விவசாயி தூங்கிவிடுகிறான்,” என்றார் பாசனக்காரர்.

“தூங்குவதற்கு முன்னால் அவன் விளக்கைப் போட்டுத்தானே சாப்பிட்டான்?” என்றார் மின்சாரக்காரர்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு ஆளுக்கொரு வடை எடுத்தார்கள். எங்கள் ஊரில் இதே சண்டைக்கு நீதிமன்றத்துக்குப் போவோம்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்து நிலம் காவிரிப் பாசனத்தின் கடைசிக் கோடியில் இருக்கிறது. கடைமடை என்போம். மேட்டூரில் திறந்தாகிவிட்டது என்று அறிவிப்பு வரும். தண்ணீர் வந்ததா என்பது வேறு கதை. மேல்மடைக்காரர்கள் நட்டு, களையெடுத்து முடித்த பிறகு எங்கள் வாய்க்காலில் நுரை வரும். இந்தக் கதையை நான் நன்றாகச் சொல்வேன். எந்த மேடை கிடைத்தாலும் சொல்லாமல் இறங்க மாட்டேன். எங்கே நிறுத்தினால் கைதட்டல் வரும் என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

சிவநேசன் அன்று மதியமே இதைக் கேட்டுவிட்டார். உடனே, “நாளைக்குத் தோப்பூர்ப் பக்கம் ஒரு குளத்தில பயிர்ச்செய்கைக் கூட்டம் இருக்கு. நீங்கள் கட்டாயம் வரவேணும். அங்கயும் கடைசி வயல்காரர்தான் பாவம்,” என்றார்.

அந்தக் கூட்டம் எப்படி என்று விளக்கினார். ஒவ்வொரு போகத்துக்கும் விவசாயிகளும் அதிகாரிகளும் ஒன்றாக உட்கார்ந்து எப்போது விதைப்பது, எப்போது துருசு திறப்பது, எப்போது பூட்டுவது என்று தீர்மானிப்பார்களாம். துருசு என்பது குளத்திலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற கதவு. கூட்டத்தில் தீர்மானித்த தேதி சட்டம் மாதிரி. அதை மாற்ற வேண்டுமென்றால், துருசு பூட்டுவதற்கு முன்னால் மறுபடி கூடுகிற கூட்டத்தில் ஒரு விவசாயி எழுந்து கேட்க வேண்டும்.

“கேட்டாக் குடுத்துடுவாங்களா?” என்றேன்.

“சபையில எழும்பித் தண்ணி கேட்டா எங்கட பக்கம் ஒருத்தரும் மறுக்க மாட்டினம். அது வெட்கம். ஆனா வீடு தேடிப் போய்க் கேட்டா ஆயிரம் சாட்டுச் சொல்லுவினம். அதுக்காகத்தான் எல்லாரும் கூட்டத்துக்கெண்டு காத்திருக்கிறது.”

அழகான வழக்கம் என்று சொன்னேன். மறுநாள் என் பேச்சில் அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் காலை வேனில் கிளம்பினோம். ஓட்டியவர் சுனில், சிங்களவர். துறைமுகத்தில் பல வருஷம் வேலை பார்த்து அங்கேயே தமிழ் படித்துக்கொண்டவர். துறைமுகத்தின் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, நான் பார்த்தாகிவிட்டது என்று தெரிந்த பிறகே மறுபடி வேகம் எடுத்தார். மலைகளுக்கு நடுவில் அசையாமல் கிடந்தது தண்ணீர். இவ்வளவு பெரிய தண்ணீரைச் சுற்றி இவ்வளவு பேர் குடிநீருக்குக் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே என்று சொன்னேன். சுனில், “கடலைக் குடிக்க ஏலாதுதானே மேடம்,” என்றார். என்னைப் பற்றி அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மகாவலி கடலில் கலக்கிற இடத்தைப் பார்க்காமல் போனால் எனக்கு மனம் ஆறாது. சிவநேசன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் விருந்தாளி கேட்டுவிட்டேன். சுனில் ஒரு மணல் பாதையில் வேனைத் திருப்பினார். ஆறு அங்கே அகலமாக, சோர்ந்துபோய்க் கிடந்தது. நின்று பார்த்தேன், படம் எடுத்தேன், மலையில் சுழலிகளைச் சுழற்றிய தண்ணீர் அல்லவா இது என்று கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டேன். திரும்பி வந்தால் வேனின் பின் சக்கரங்கள் மணலில் பாதி புதைந்திருந்தன.

தென்னை மட்டை போட்டுப் பார்த்தோம். நானும் சிவநேசனும் தள்ளிப் பார்த்தோம். கடைசியில் மணல் ஏற்ற வந்த உழவு இயந்திரம் ஒன்று கயிறு கட்டி இழுத்துவிட்டது. இழுத்தவர் ஒன்றும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும், அங்கே எந்த நடிகரைத் தெரியும் என்று மட்டும் கேட்டார். யாரையும் தெரியாது என்றதில் அவருக்கு ஏமாற்றம்தான்.

கூட்டத்துக்கு நன்றாகப் பிந்திப் போய்ச் சேர்ந்தோம். அவர்கள் ஆரம்பிக்காமல் காத்திருந்தார்கள். தகரக் கூரை போட்ட பொது மண்டபம். உள்ளே அனல். தோப்பூர் முஸ்லிம்களும் சுற்று வட்டாரத் தமிழர்களுமாக மண்டபம் நிறைய விவசாயிகள். பின்வரிசையில் பெண்கள். விருந்தினர் வராமல் எப்படித் தொடங்குவது என்று அதிகாரிகள் நிறுத்தி வைத்திருந்தார்களாம். எனக்கு அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது.

மாலை போட்டார்கள். விளக்கேற்றச் சொன்னார்கள். வரவேற்புரை நடந்தது. என் பெயருக்கு முன்னால் எனக்கே தெரியாத பட்டங்கள் சேர்ந்தன. பிறகு தலைமை தாங்கிய அதிகாரி, “எங்கட விருந்தினர் இரண்டு வார்த்தை கதைப்பா,” என்றார்.

இரண்டு வார்த்தை என்று சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்தால், தமிழ்நாட்டில் வளர்ந்தவள் என்ன செய்வாள்? நான் கல்லணையில் ஆரம்பித்தேன். அங்கிருந்து மேட்டூர். மேட்டூரிலிருந்து எங்கள் வாய்க்கால். முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையாட்டியதும் எனக்குச் சூடு பிடித்துவிட்டது. ஒரு நாட்டின் திட்டம் மலை உச்சியிலிருந்து எழுதப்படக் கூடாது, கடைமடையில் உட்கார்ந்து எழுதப்பட வேண்டும் என்றேன். கடைமடைக்காரரின் குரல் கேட்காத திட்டம் திட்டமே இல்லை என்றேன். கைதட்டல். சிவநேசன் இருமினார். பிறகு எழுந்து வந்து என் முன்னால் ஒரு போத்தல் தண்ணீர் வைத்தார். எவ்வளவு கரிசனம் என்று நினைத்து அதைக் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டு, புதுத் தெம்போடு தொடர்ந்தேன்.

பின்வரிசையில் ஊதா நிறச் சேலை கட்டிய ஒரு பெண் கையைத் தூக்கினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அவரைப் பார்த்துப் புன்னகைத்து, “கேள்விகளைக் கடைசியில எடுத்துக்கலாம்மா,” என்றேன். கையை இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்கினார். என் பேச்சு அவரை அவ்வளவு தொட்டுவிட்டது என்று நினைத்தேன். உள்ளங்கையைக் காட்டி, பொறுங்கள் என்று சைகை செய்தேன். பட்டறைகளில் அப்படித்தான் செய்து பழக்கம்.

நான் முடித்தபோது மண்டபம் எழுந்து கைதட்டியது. பசியில் எழுந்திருக்கிறார்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அதிகாரிகளுக்கு அடுத்த ஊரிலும் கூட்டம் இருந்தது. சாப்பாடு தயார் என்று யாரோ வந்து சொன்னார்கள். புகைப்படம் எடுக்கிறவர் பெண்களையெல்லாம் விருந்தினர் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். கூட்டத்தில் ஊதாச் சேலையைப் பார்த்ததும் நானே போய்க் கையைப் பிடித்து, “வாங்கம்மா, நீங்க என் பக்கத்துல நில்லுங்க,” என்று இழுத்து வந்தேன். அவர் அதிகாரிகள் இருந்த மேசைப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார். படம் எடுப்பவர், “இஞ்ச பாருங்கோ,” என்றார். அந்தச் சந்தடியில் தலைமை அதிகாரி, “துருசு பூட்டுறது முந்தித் தீர்மானிச்ச திகதியிலதான், நாளைக்கு. மாற்றம் ஆரும் கேக்கினமோ? இல்லை. சரி,” என்றார். என் காதிலும் அது விழுந்தது.

சாப்பாட்டில் இறால் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, மண்சட்டியில் எருமைத் தயிர். தயிரைக் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. மேலே பாணி என்கிற வெல்லப்பாகை ஊற்றிக் கொடுத்தார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். என்னைத் தாண்டிப் போன இரண்டு அதிகாரிகள் சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். வேனில் ஏறியதும் சுனிலிடம் கேட்டேன். அவர் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, “இந்த அம்மா நன்றாகப் பேசுகிறார், சோறுதான் ஆறிப்போய்விட்டது என்றார்கள் மேடம்,” என்றார். நான் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

நான்காம் நாள் காலை பட்டறையின் கடைசி அமர்வு. திரையில் ஒவ்வொரு குளமாக வந்தது. முந்தின நாள் போன குளமும் வந்தது. கடைப்பகுதி விவசாயிகளிடமிருந்து கோரிக்கை எதுவும் இல்லை. துருசு பூட்டிய பிறகு குளத்தில் மிஞ்சும் தண்ணீரை நகரக் குடிநீருக்குக் கணக்கில் எடுக்கலாம் என்று எழுதியிருந்தது. நாடு முழுவதற்குமான கணக்கில் அது ஒரு வரி. நானும் தலையாட்டினேன். கேட்கிறவர் இல்லாத தண்ணீர் குடிக்கிறவருக்குப் போவது நியாயம்தானே.

மதியம் அன்புவழிபுரத்தில் சிவநேசன் வீட்டில் விருந்து. அவருடைய மனைவி மாலதி சமையலறையிலிருந்து கறிகளைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டு முடித்ததும் கேட்டுவிட்டார்.

“நேற்று யோகேஸ்வரி அக்கா தண்ணி கேக்க வந்தவ. ஏன் மிஸ் அவவைக் கேக்க விடேல்ல?”

“யாரும்மா?”

“என்ர பெரியம்மாவின்ர மகள். ஊதாச் சாறி கட்டிக்கொண்டு வந்தவ. இரண்டு தரம் கையைத் தூக்கினவவாம், நீங்கள் பொறுக்கச் சொன்னீங்களாம்.”

 சிவநேசன் பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலதிதான் சொன்னார். யோகேஸ்வரியின் வயல் வாய்க்காலின் கடைசி. கணவர் இறந்த பிறகு தம்பிதான் அதைச் செய்துவந்தார். வெயில் காலத்து இந்தச் சிறுபோகத்தில்தான் முதன்முதலாக, நானே செய்கிறேன் என்று திரும்ப வாங்கியிருக்கிறார். விளைந்தால் வயல் அவர் கையில். தவறினால் மறுபடி தம்பி கைக்குப் போய்விடும் என்பது வீட்டுப் பேச்சு. உழவு பிந்தியதால் பயிரும் பிந்திவிட்டது. கதிர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் போதும். அதைக் கேட்கத்தான் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்.

“நீங்க ஏன் என்னை நிறுத்தல?” என்று சிவநேசன் மேல் பாய்ந்தேன்.

“விருந்தாளியைப் பார்த்து இருங்கோ எண்டு எப்பிடிச் சொல்லுறது? இருமினனான். தண்ணிப் போத்தல் கொண்டுவந்து வைச்சனான். நீங்கள் குடிச்சுப்போட்டுக் கல்லணைக்குத் திரும்பப் போட்டீங்கள்.”

எனக்கு ஏற்பட்டதை வெட்கம் என்று சொன்னால் போதாது. காது வரை சுட்டது. கடைமடைக் குரல் கேட்க வேண்டும் என்று முக்கால் மணி நேரம் கத்திய வாய், அந்தக் குரலை இரண்டு தடவை கையமர்த்தியிருக்கிறது. போதாததற்கு அவரைப் பக்கத்தில் நிறுத்திப் படமும் எடுத்துக்கொண்டேன். மாலதி என் தட்டில் மீனை வைத்து, “சாப்பிடுங்கோ,” என்றார். அந்த வீட்டில் கோபம் வேறு, விருந்து வேறு.

கையைக் கழுவிவிட்டு நிலாவெளிக்கு ஓடினேன். கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய அதிகாரி புறப்பட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். துருசை இன்னும் இரண்டு நாள் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாகக் கேட்டார்.

“காலமையே பூட்டியாச்சு மிஸ். கூட்டத்தின்ர தீர்மானத்தை நான் தனிய மாத்தேலாது. மேல் வயல்காரர் வெட்டுக்கு ஆயத்தப்படுத்தியிட்டினம். நீங்களும் நேற்று இருந்தனீங்கள்தானே. ஆராவது கேட்டவையோ?”

“இல்லை,” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? நான்தான் சாட்சி.

திரையில் வந்த அந்த வரியையாவது மாற்றச் சொன்னேன். குறித்துக்கொள்கிறேன் என்றார். திட்டங்களில் குறித்துக்கொள்கிறேன் என்பதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். நானே பல பேரிடம் சொன்னதுதான்.

மறுநாள் மாலையில்தான் எனக்குக் கொழும்புக்கு வண்டி. காலையில் சுனிலை அழைத்துக்கொண்டு தோப்பூர்ப் பக்கம் போனேன். மாலதி தொலைபேசியில் சொல்லியிருந்ததால் யோகேஸ்வரி ரோட்டோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கியதும் முதலில் கேட்டது, “சாப்பிட்டனீங்களோ மிஸ்?” என்றுதான்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனார். “சீச்சீ, என்னத்துக்கு? நீங்கள் நல்லாத்தான் கதைச்சீங்கள். நானும் கை தட்டினனான்,” என்றார்.

வரப்பு வழியே நடந்தோம். மேல் வயல்களெல்லாம் பொன்னிறமாகத் தலை சாய்த்திருந்தன. போகப் போகப் பச்சை. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் வெயில் காலத்தில் மேற்கிலிருந்து வீசும் சுடுகாற்று அது. வாய்க்காலில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தது. யோகேஸ்வரி ஒரு கதிரைப் பிடித்து ஒரு மணியை நகத்தால் நசுக்கிக் காட்டினார். வெள்ளையாகப் பால் வந்தது.

“இது இறுகி அரிசியாக ஒரு தண்ணி பாஞ்சாக் காணும். உழவு மெசின் மேலயிருந்து ஒவ்வொருத்தரா உழுதுகொண்டுதான் வரும். எனக்குக் கடைசியாத்தான் வந்தது. பிந்தி விதைச்சனான், பிந்தித்தானே விளையும்.”

“மேல் வயல்காரங்ககிட்ட நேராப் போய்க் கேட்டுப் பார்க்கலாமா?”

அவர் நகத்தில் ஒட்டிய பாலைச் சேலையில் துடைத்தார். “கேக்கலாம்,” என்றார். எனக்காகத்தான் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மேல் வயல்களில் பெரிய வயல் ஒரு ஹாஜியாருடையது. அவர் சொன்னால் மற்றவர்களும் கேட்பார்களாம். வாசலிலேயே வந்து வரவேற்றார். கூட்டத்தில் முன்வரிசையில் இருந்து தலையாட்டிய பெரியவர் அவர்தான். நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, யோகேஸ்வரியைப் பார்த்து, “சொல்லுங்க தங்கச்சி,” என்றார்.

“நானா, கடைசி வயலுக்கு ஒரு தண்ணி வேணும்,” என்றார் யோகேஸ்வரி. முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஹாஜியார் தரையைப் பார்த்தார். “நாளைக்கு வெட்டு மெசின் இறங்குது. இப்ப வாய்க்கால்ல தண்ணி விட்டா வயல் நனைஞ்சு மெசின் புதைஞ்சு போகும். கூட்டத்தில கேட்டிருந்தா நான்தான் முதல் ஆளா ஓமெண்டு சொல்லியிருப்பன். எல்லாரும் சேர்ந்து மெசினைப் பிந்தி எடுத்திருப்பம். இப்ப நான் மட்டும் எப்படிச் சொல்ற?”

நான் வாயைத் திறந்தேன். அவர் உடனே மரியாதையோடு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “அண்டைக்கு நல்லாப் பேசினீங்க மிஸ். அந்தக் கடைசி வாய்க்கால்ல நுரை வாற கதை. எனக்குக் கண்ணே கலங்கிட்டு,” என்றார். பொய்யில்லை. அப்போதும் அவர் கண் லேசாகக் கலங்கத்தான் செய்தது. திறந்த வாயைத் தேநீரால் மூடிக்கொண்டேன்.

திரும்பி வயலுக்கு வந்தபோது வரப்பில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு யோகேஸ்வரியின் தம்பி நின்றுகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். அக்காவைத் திட்டவில்லை. கதிர்களைத் தடவிப் பார்த்து, “பாதி பதராத்தான் போகும். நான் முந்தியே சொன்னனான்தானே அக்கா, தண்ணிக்குப் பின்னால உங்களால திரியேலாது. மாரியில பெரும்போகத்துக்கு நான் இறங்கிறன்,” என்றார்.

“தப்பு இவங்களோடது இல்லைங்க, என்னோடது. நான்தான் பேசியே நேரத்தை எடுத்துட்டேன்,” என்றேன்.

அவர் என்னை அடையாளம் தெரியாமல் அக்காவைப் பார்த்தார். “இவதான் அண்டைக்குக் கூட்டத்தில எங்களுக்காகக் கதைச்ச மிஸ்,” என்றார் யோகேஸ்வரி. தம்பி மரியாதையாகக் கும்பிட்டார். “அது உங்கட பிழையில்லை மிஸ். விருந்தாளி கதைக்கத்தானே வேணும்,” என்றார். நான் செய்த தப்பை என்னுடையது என்று ஒப்புக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஒருவர்கூடத் தயாராக இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

யோகேஸ்வரி இடுப்பில் கை வைத்து வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம்பியிடம், “பதரெண்டாலும் இதை நான்தான் வெட்டுவன். பெரும்போகமும் நான்தான் செய்வன். ஒருக்காத் தவறினதுக்காகத் தர ஏலாது,” என்றார்.

“தண்ணிக்கு என்ன செய்வீங்கள்?”

“கூட்டத்தில எழும்பிக் கேப்பன். கடைசி வயலுக்கும் மெசின் வந்து போன பிறகுதான் திகதி வைக்கவேணுமெண்டு கேப்பன்.”

 தம்பி நம்பியதாகத் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனார்.

சுனில் வேனை முடுக்கி வைத்திருந்தார். யோகேஸ்வரி சைக்கிளை உருட்டிக்கொண்டு ரோடு வரை கூட வந்தார். ஏதோ கேட்க நினைத்துக் கேட்காமல் வருகிறார் என்று தெரிந்தது. வேன் கதவருகில் வந்ததும் கேட்டார்.

“பெரும்போகக் கூட்டத்துக்கும் வருவீங்களோ மிஸ்?”

அழைக்கிறார் என்று நினைத்தேன். அவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒரு கணம் குளிர்ந்தது. “இல்லம்மா, திட்டத்துல என் வேலை முடிஞ்சுது. இனி வர மாட்டேன்,” என்றேன்.

“வடிவாத் தெரியுமோ?”

“நிச்சயமாத் தெரியும்.”

அவர் முகத்தில் இருந்த இறுக்கம் அத்தனையும் விட்டுப் போயிற்று. “அப்ப சரி. எனக்குக் கேக்க நேரம் கிடைக்கும்,” என்றார்.